மகள் குளிக்கும்போது நான் கதவு திறப்பதில்லை

1

நேற்று சாயங்காலம் வாசல் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் எழவில்லை. என் மகள் இனியா குளியல் தொட்டியில் இருந்தாள். தொட்டியில் அவள் இடுப்பளவுகூடத் தண்ணீர் இல்லை. அவளுக்கு நான்கு வயது முடிந்துவிட்டது, நன்றாக உட்காருவாள், நன்றாகப் பேசுவாள். ஆனாலும் எழவில்லை. பார்சல்காரர் சலித்துப்போய்க் கிளம்பிவிட்டார். பார்சல் எங்கோ ஒரு கிடங்குக்குத் திரும்பிப் போனது. போகட்டும்.

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "வீட்டில் விளக்கு எரிந்ததே, ஏன் திறக்கவில்லை? ஒரு நிமிடம்தானே?"

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நெதர்லாந்தின் தெற்கே, இயந்திரத் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு ஊரில் இருந்துகொண்டு எழுதுகிறேன். இங்கே வந்து சில வருடங்கள் ஆகின்றன. கணவருக்கு இங்கே வேலை. ஓசூரில் பார்த்த அதே டூல் டிசைன் வேலைதான், குளிர் மட்டும் கூடுதல். படிப்பவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்களாக இருந்தால் சிலருக்குக் கோபம் வரலாம். "வெளிநாடு போனதும் நம்ம வீட்டு பாத்ரூமையே குறை சொல்ல வந்துட்டா" என்பீர்கள். சொல்லுங்கள், அதைக் கேட்டுப் பழகிவிட்டேன். ஆனால் நான் இங்கே இருப்பவர்களிடமும் சண்டை போட்டிருக்கிறேன். அதையும் சேர்த்துப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

2

போன மார்கழியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். எங்கள் பூர்வீகம் உத்தனப்பள்ளிப் பக்கம். அண்ணன் முருகேசன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் ஒரு லேஅவுட்டில் வீடு கட்டிக்கொண்டு, இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கிறான். அண்ணி மஞ்சுளாவின் தாய்மொழி தெலுங்கு. நம்மிடம் தமிழ், கடைக்காரரிடம் கன்னடம், பிள்ளையைக் கொஞ்சுவதும் அதட்டுவதும் தெலுங்கில். பிள்ளை தருணுக்கு அப்போது இரண்டு வயது முடியவில்லை. கணவருக்கு விடுமுறை கிடைக்காததால் இனியாவும் நானும் மட்டும்தான் போனோம்.

வீடு அழகாக இருந்தது. வந்த அன்றே நான் குளியலறையைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தேன். போர் தண்ணீரின் உப்பு படிந்து கீசர் கெட்டுப்போயிருந்தது. அதனால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பக்கெட்டில் ஹீட்டர் ராடைத் தொங்கவிட்டுத் தண்ணீர் காயவைத்தார்கள். மூலையில் விளிம்புவரை நிரம்பிய டிரம், மூடி இல்லை. வாஷ்பேசினுக்குக் கீழே, தருண் கைக்கு எட்டும் உயரத்தில், ஆசிட் பாட்டில். பளபளவென்ற வழுவழுப்பான டைல்ஸ். கதவுக்கு உள்பக்கம், குழந்தையின் மூக்குக்கு நேராகத் தாழ்ப்பாள்.

"அண்ணா, டிரம்முக்கு ஒரு மூடி போடு. அந்த ஆசிட்ட மேல வை. தாழ்ப்பாள இன்னும் மேல ஏத்தி அடி" என்றேன்.

அண்ணன் சிரித்தான். "மஞ்சுளா, நம்ம ஊட்டுக்கு சேஃப்டி ஆபீசர் வந்துட்டாங்க. ஹெல்மெட் எடுத்துட்டு வா."

அண்ணியும் சிரித்தாள். "வந்த மொத நாளேவா செல்வி? மொதல்ல டீய குடி."

ஆசிட் பாட்டிலை நானே எடுத்து லாஃப்டில் வைத்தேன். மூடிக்குப் பதிலாக டிரம்மின்மேல் ஒரு பலகையைப் போட்டேன். மறுநாள் பலகை துணி துவைக்கும் இடத்தில் கிடந்தது. மீண்டும் எடுத்துப் போட்டேன். அது மீண்டும் வெளியே போனது. இப்படி எனக்கும் அந்த வீட்டுக்கும் ஒரு மௌன யுத்தம் நடந்தது.

"நாமெல்லாம் வளரலையா? அண்டாவுல வெந்நி கொதிக்க கொதிக்கத்தான் பக்கத்துல ஓடி விளையாண்டோம். என்னா ஆச்சு?" என்று ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன் கேட்டான்.

"வளந்தவங்கதானே ண்ணா இங்க உக்காந்து பேசிக்கிட்டிருக்கோம். வளராமப் போனவங்க வந்து பதில் சொல்லுவாங்களா?"

அவன் சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்தான். தாழ்ப்பாளை மாற்றவில்லை.

3

அது ஞாயிற்றுக்கிழமை காலை. ஓசூர்க் குளிரில் வெயில் வந்தும் வராததுபோல் இருந்தது. நானும் அண்ணியும் ஹாலில் உட்கார்ந்து அவரைப் பருப்பு பிதுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணன் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தைகள் சோபாவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பெரியவர்கள் இருந்த வீடு அது.

திடீரென்று குழந்தைகளின் சத்தம் இல்லை. குழந்தை உள்ள வீட்டில் அமைதியைப்போல் பயமுறுத்துவது எதுவும் இல்லை. பிறகு குழாய் திறக்கும் ஓசை. பிறகு தருணின் சிரிப்பு. பிறகு, 'டக்.'

தாழ்ப்பாள்.

"அண்ணி, ராடு போட்டிருக்கா?"

அண்ணியின் கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. "அப்பவே போட்டேன்... அவருக்குக் குளிக்க..."

நான் குளியலறைக்கு ஓடவில்லை. வாசல் பக்கம் ஓடினேன். மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சை இழுத்துக் கீழே தள்ளினேன். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. ஃபிரிட்ஜின் உறுமலும் நின்றது. கரண்ட் போனது என்று உறுதியான பிறகுதான் குளியலறைக் கதவுக்கு வந்தேன்.

அண்ணன் அங்கே காலைத் தூக்கியிருந்தான், உதைப்பதற்கு. அது பிவிசி கதவு, ஒரே உதையில் உள்ளே விழுந்துவிடும். நான் கதவுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"உதைக்காத!"

"தள்ளு செல்வி! கொழந்த உள்ள இருக்குது!"

"கதவுக்குப் பின்னாடியேதான் நிக்குதுங்க! நீ உதைச்சா கதவோட சேந்து வெந்நியில விழும்!"

அவன் என்னைத் தோளைப் பிடித்துத் தள்ளினான். நான் நகரவில்லை. என் அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவன். அவன் எதிரில் நான் அதுவரை குரலை உயர்த்தியதில்லை. அன்று கத்தினேன். "கால கீழ எறக்கு! கதவ அறு! பிளேடு எடுத்துட்டு வா!"

அவன் கால் கீழே இறங்கியது. டூல்ஸ் பெட்டியைத் தேடி ஓடினான்.

4

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

"இனியா, அம்மா இங்கதான் இருக்கேன். தாழ்ப்பாளத் தொற."

உள்ளேயிருந்து அவள் கேட்டாள், டச்சு மொழியில்: "எதை?"

அவளுக்குத் தாழ்ப்பாள் என்ற சொல் தெரியாது. நான் சொல்லித்தரவில்லையென்று நினைக்காதீர்கள். வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் எங்கள் டச்சு வீட்டில் எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் கிடையாது. குளியலறையில் ஒரு சிறிய திருகுதான் உண்டு, அதை வெளியிலிருந்து ஒரு நாணயத்தால்கூடத் திறந்துவிடலாம். வீட்டில் இல்லாத பொருளுக்குக் குழந்தையின் வாயில் எப்படிச் சொல் வரும்?

"தருண் மூடுனான்ல, நீட்டமா ஒரு கம்பி, அதத் தூக்கி இழுடா கண்ணு."

கம்பி கடகடவென்று ஆடியது. பிறகு நின்றது. முடியவில்லை என்று அவள் அழத் தொடங்கினாள், அதுவும் டச்சில். பயம் வந்தால் அவளுக்குப் பகல்காப்பகத்து மொழிதான் வருகிறது. பக்கத்தில் அண்ணி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு "ஏடவொத்து ரா நானா, ஏடவொத்து" என்று தெலுங்கில் மகனை அழ வேண்டாம் எனத் தேற்றிக்கொண்டிருந்தாள். அவன் அழவே இல்லை, அழுதது அண்ணிதான். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு குழந்தைகள், நடுவில் மூன்று மொழிகள். எதுவும் கதவைத் திறக்கவில்லை.

நான் வெளியே ஓடி, வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் இடையிலிருந்த சந்தில் நுழைந்தேன். துவைக்கிற கல்மேல் ஏறினால் குளியலறை வென்டிலேட்டர் முகத்துக்கு நேராக வரும். கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டேன். உள்ளே தெரிந்தது.

பக்கெட்டிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. மின்சாரம் போயிருந்தாலும் தண்ணீர் கொதிநிலையில்தான் இருந்தது. தரையெல்லாம் குழாய்த் தண்ணீர். தருண் கையில் மக். அவன் எதைச் செய்ய விரும்பினான் என்பது தெளிவாகத் தெரிந்தது. அப்பாவைப்போல மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

ஓட்டை என் தலைகூட நுழையாத அளவு. கை மட்டும் உள்ளே போனது. எதையும் எட்டவில்லை.

"இனியா, மேல பாரு. அம்மா தெரியுதா?"

பார்த்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"தம்பியப் புடி. இறுக்கிக் கட்டிப் புடி. டாய்லெட் பக்கம் கூட்டிட்டுப் போ. கீழ உக்காரு. ரெண்டு பேரும் உக்காருங்க."

அவள் போய் அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். அவன் திமிறினான். மக் அதற்குள் பக்கெட்டில் இறங்கி ஏறிவிட்டிருந்தது. அவள் இழுத்த வேகத்தில் அந்தத் தண்ணீர் அவள் முழங்கைக்குக் கீழே சிதறியது. அலறினாள். ஆனால் விடவில்லை. மூன்றரை வயதுப் பெண், தன் எடைக்குக் கொஞ்சம்தான் குறைந்த ஒருவனை வழுக்கும் தரையில் இழுத்துக்கொண்டுபோய், மூலையில் உட்காரவைத்து, அவன்மேல் காலைப் போட்டுக்கொண்டாள்.

"அப்படியே இரு. அம்மா பாத்துக்கிட்டே இருக்கேன். எங்கயும் போகமாட்டேன்."

கதவில் அண்ணன் அறுக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் அறுத்து, கையை உள்ளே விட்டு, கம்பியைத் தூக்கி இழுத்தான். கதவு திறந்தபோது அவன் முழங்கையிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரையும் ஒரே அள்ளாக அள்ளி வெளியே கொண்டுவந்தான்.

5

இனியாவின் கையைக் குழாய்க்குக் கீழே பிடித்தேன். அண்ணி டூத்பேஸ்ட்டோடு ஓடிவந்தாள். சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டுப் பெண் இட்லி மாவு என்றாள்.

"ஒண்ணும் வேணாம் அண்ணி. பேஸ்ட்ட உள்ள வைங்க."

"எரியுது பாரு, கொழந்த துடிக்குது. கொஞ்சம் போட்டா சில்லுன்னு இருக்கும்."

"தண்ணியே சில்லுனுதான் இருக்கு. தண்ணி மட்டும் போதும்."

"டேங்க் காலியாயிடும்" என்றாள் எதிர்வீட்டுப் பெண் கன்னடம் கலந்த தமிழில்.

"ஆகட்டும்."

வெகுநேரம் அப்படியே நின்றேன். இனியா திட்டினாள், அழுதாள், குளிர்கிறது என்றாள். துண்டால் உடம்பைப் போர்த்தினேன், கையை மட்டும் எடுக்கவில்லை. பிறகு சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "எதுவும் தடவாம கொண்டுவந்தீங்களே, அதுவே நல்லது. மேலாக்கதான் பட்டிருக்கு" என்று கட்டுப்போட்டு அனுப்பினார். தருணுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சாயங்காலம் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். முழங்கையில் பிளாஸ்திரி. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவனுக்கு ஆறுதல் சொல்லத்தான் போனேன். ஆனால் வாயில் வேறு வந்தது.

"உன் கம்பெனியில ஷூ போடாத ஆள உள்ள விடுவியா?"

"மாட்டேன்."

"பிரஸ்ஸுக்குள்ள கை வச்சா மிஷின் தானா நிக்கிறாப்பல ஏதோ மாட்டியிருக்கீங்கன்னு சொன்னியே. எதுக்கு? உன் ஆளுங்கெல்லாம் கவனமில்லாதவங்களா?"

"கவனமா இருக்கறவனுக்கும் ஒரு செகண்டு கண்ணு மாறும். அதுக்குத்தான்."

"அங்க உங்கிட்ட வேல செய்யறவங்க மீசை வச்ச ஆம்பளைங்க. இங்க இருக்கறது ரெண்டு வயசுப் புள்ள."

அவன் ரோட்டில் போன லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து உள்ளே போனான். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது தொழிற்சாலையில் மிஞ்சிய ரப்பர் மேட் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். தாழ்ப்பாள் தலைக்கு மேலே போனது. கதவுக்கு வெளிப்பக்கம், பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இன்னொன்று. டிரம்முக்குத் திருகு மூடி. ஹீட்டர் ராடைக் கையால் வளைத்துக் குப்பையில் போட்டுவிட்டு கீசர் மெக்கானிக்குக்குப் போன் செய்தான். அவன் வருத்தத்தைச் சொல்லும் முறை அதுதான் என்று எனக்குத் தெரியும்.

6

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

நெதர்லாந்து திரும்பியதும் பகல்காப்பகத்தில் இனியாவின் கையைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நான் என் டச்சில் பதில் சொன்னேன். டச்சில் 'வெர்பாண்ட்' என்றால் கட்டு. 'வெர்பிராண்ட்' என்றால் எரித்தது. நாங்கள் அவள் கைக்குக் கட்டுப் போட்டோம் என்று சொல்லவந்தேன். நடுவில் ஒரு 'ர' நுழைந்துவிட்டது. நாங்கள் அவள் கையை எரித்தோம் என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாளில் அழைப்பு வந்தது. குழந்தைகள் நலம் பார்க்கும் அலுவலகத்தில் ஒரு அம்மையார், கூடவே குறிப்பெடுக்க ஒருவர். என் கணவர் முகம் வெளுத்துப்போயிருந்தார். "மெதுவாப் பேசு, எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேட்டுடு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த மாதிரி அலுவலகங்களைப் பற்றி நம்மவர்களிடையே உலவும் கதைகள் உங்களுக்குத் தெரியும். பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது.

'ர' விவகாரம் சீக்கிரம் தீர்ந்தது. ஓசூர் டாக்டரம்மாவின் சீட்டைக் காட்டினோம், அம்மையாரே கொஞ்சம் சிரித்துவிட்டார். நல்ல பெண்மணிதான். ஆனால் அடுத்து அவர் சொன்னது: "புரிகிறது. உங்கள் நாட்டில் இதையெல்லாம் அவ்வளவாகக் கவனிக்க மாட்டார்கள், இல்லையா?"

என் கணவர் தலையாட்டிவிட்டார். நான் ஆட்டவில்லை.

"அப்படிச் சொல்லாதீர்கள்" என்றேன். என் இலக்கணம் தப்பும் தவறுமாக இருந்தது, நிறுத்தவில்லை. "என் நாட்டில்தான் நான் மெயின் சுவிட்சை அணைக்கக் கற்றுக்கொண்டேன். என் அண்ணன் கதவை அறுத்தான். என் மகள் தம்பியை விடவில்லை. எல்லாரும் கவனித்தோம். எங்கள் குளியலறை மோசமாக இருந்தது, அது உண்மை. இப்போது மாற்றியாகிவிட்டது. இங்கே குளியலறை நன்றாக இருக்கிறது. அதனாலேயே பக்கத்து வீட்டுப் பெண் ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்குள் குழந்தையைத் தொட்டியில் உட்காரவைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போகிறாள். குழந்தை மூழ்க ஒரு சாண் தண்ணீர் போதும் அம்மா. அது எந்த ஊர்த் தண்ணீர் என்று பார்க்காது."

குறிப்பெடுப்பவர் பேனாவை நிறுத்திவிட்டு அம்மையாரைப் பார்த்தார். அம்மையார், "அந்த வளையத்தைப் பற்றி நாங்களும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம், கேட்பதில்லை" என்றார் மெதுவாக. பிறகு, விஷயம் முடிந்தது என்றும், ஒரு யோசனை மட்டும் சொல்வதாகவும் சொன்னார். மகளுக்கு இன்னும் கொஞ்சம் வயதாகும்வரை ஊருக்குப் போனால் ஓட்டலில் தங்கலாமே?

"அது என் அண்ணன் வீடு. அங்கேதான் தங்குவோம்."

வெளியே வந்ததும் என் கணவர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "நான் தலையாட்டியிருக்கக் கூடாது" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

7

இனியாவுக்கு இப்போது தமிழைவிட டச்சு வேகமாக வருகிறது. கனவில்கூட அதில்தான் பேசுகிறாள் என்று நினைக்கிறேன். கையில் தழும்பு மங்கிவிட்டது. வெயில் காலத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். அது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், "தம்பியைப் பிடித்தேன்" என்று மட்டும் சொல்கிறாள். சுடுதண்ணீர் என்று சொல்வதில்லை. நானும் திருத்துவதில்லை.

இந்த மார்கழிக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. அதைச் சொல்ல அண்ணிக்குப் போன் செய்தேன். அவள் மூச்சுவாங்க எடுத்தாள். குரலில் கோபம்.

அவர்கள் தெருவின் கடைசியில் ஒரு லைன் வீடு இருக்கிறது. தொழிற்சாலை வேலைக்கு வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. அன்று காலை அண்ணி அந்தப் பக்கம் போனபோது, ஒரு தாய் கைக்குழந்தையை அகலமான டப்பில் உட்காரவைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதென்று உள்ளே போயிருந்தாள். அண்ணி அங்கேயே நின்று சத்தம் போட்டிருக்கிறாள்.

"அவ என்னா கேட்டா தெரியுமா செல்வி? 'ரொம்பத்தான் பண்றீங்களே அக்கா, நீங்க என்ன ஃபாரின்காரியா'ன்னு கேக்கறா!"

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"நான் ஜூஜுவாடிக்காரிடி, பால் பொங்குனா பொங்கட்டும், மொதல்ல வந்து புள்ளயத் தூக்குன்னேன்."